அவசரமில்லாதவர்கள்

வேனின் பின்கதவு திறந்திருக்கும். உள்ளே கசங்காத வெள்ளைப் போர்வை. கம்பளி சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள், ஆவி பறக்கும் காபி மக், தூரத்தில் பனி மூடிய மலை. இந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செல்போனைத் திறந்தால் வாரத்துக்கு நாலு வருகிறது. 'வேலையை விட்டேன், வேன் வாங்கினேன், மலை மலையாகச் சுற்றுகிறேன்' என்கிற ரகம். பார்த்ததும் நமக்கு ஒரு பெருமூச்சு, அப்புறம் மாசத் தவணை ஞாபகம்.

அந்தப் படத்தில் இரண்டு பேர் எப்போதும் இருக்க மாட்டார்கள். ஒருவர், அந்த மலை ஊரிலேயே பிறந்து வாழ்கிறவர். இன்னொருவர், வேன் நிற்கிற முகாமில் கழிப்பறை கழுவுகிறவர். இந்த இருவரையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று அமெரிக்கப் புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். மூன்றுமே சக்கரம் வைத்த வீட்டில் தூங்கிக்கொண்டு சாவகாசமாக ஊர் ஊராகப் போவது பற்றியவை. மூன்றுக்கும் உள்ள தூரம் ரொம்ப அதிகம்.

முதலாவது, ஜான் ஸ்டைன்பெக்கின் 'ட்ராவல்ஸ் வித் சார்லி'. 1960 செப்டம்பரில், தன் 58-வது வயதில், ஜிஎம்சி டிரக் ஒன்றின் முதுகில் குட்டி வீடு கட்டிவைத்துக்கொண்டு கிளம்பினார். வண்டிக்குப் பெயர் ரோசினான்டே. டான் குயிக்ஸாட்டின் நோஞ்சான் குதிரை! கூடவே சார்லி என்கிற பூடில் நாய். முந்தைய வருஷக் கடைசியில் உடம்பு படுத்தியிருந்தது. இருந்தும் சுமார் 10,000 மைல் சுற்றினார். 1962-ல் புத்தகம் வந்தது. அதே வருஷம் நோபல் பரிசும் வந்தது.

சார்லி வருகிற பக்கங்கள் எல்லாம் அருமை. நாயின் முகபாவத்தை இவ்வளவு மரியாதையோடு எழுதியவர்கள் குறைவு. மான்டானா மாநிலத்து மலைகளைப் பார்த்துவிட்டு, காதலில் விழுந்துவிட்டதாகவே எழுதுகிறார். சரி, அந்தக் காதலியின் ஊர்களில் என்ன செய்தார் என்று தேடினால், பில்லிங்ஸில் ஒரு தொப்பி, லிவிங்ஸ்டனில் ஒரு ஜாக்கெட், பியூட்டில் ஒரு துப்பாக்கி வாங்கினார் என்று தெரிகிறது. அவை ஷாப்பிங் பண்ணின ஊர்கள். அங்கே குடியிருப்பவர் ஒருத்தர் முகமாவது நம் மனதில் தங்குகிறதா என்றால், இல்லை.

2010-ல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் இதே பாதையில் திரும்பப் போய், பழைய கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஸ்டைன்பெக் பல ராத்திரிகள் தங்கியது மோட்டலிலும் நல்ல ஓட்டல்களிலும். தனியாகப் போனதாக நாம் நினைத்த பயணத்தில் கணிசமான நாட்கள் மனைவியும் கூட இருந்தார். சந்தித்ததாகச் சொன்ன சில மனிதர்கள் நிஜமாகவே இருந்தார்களா என்பதே சந்தேகம் என்று எழுதினார். கடைசியில் புத்தகத்தின் 50-வது ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், 'இதை வரிக்கு வரி நிஜம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்கிற ரீதியில் ஒரு குறிப்பைச் சேர்க்கவேண்டி வந்தது.

உடம்புக்கு முடியாத மனுஷன் ஓட்டலில் தூங்கினதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். மனைவி கூட இருந்ததும் நல்லதுதான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அவர் வழியில் சந்திக்கிற ஆட்களில் பாதிப் பேர் ஸ்டைன்பெக் மாதிரியே அழகாக யோசித்துப் பேசுகிறார்கள். வண்டி மெதுவாகப் போனது. காது கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

இரண்டாவது புத்தகம் வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் எழுதிய 'ப்ளூ ஹைவேஸ்' (1982). இவர் கிளம்பிய காரணம் உல்லாசம் அல்ல. மிசௌரி மாநிலக் கல்லூரி ஒன்றில் ஆங்கில வாத்தியார். மாணவர் சேர்க்கை குறைந்ததால் வேலை போயிற்று. மனைவி ஏற்கெனவே பிரிந்திருந்தார். வயது 38. 1978 மார்ச்சில் தன் 1975-ம் வருஷத்து ஃபோர்டு எகோனோலைன் வேனில் ஒரு படுக்கை, ஒரு பிளாஸ்டிக் பேசின், சின்ன ஸ்டவ் எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சேமிப்பில் மிஞ்சிய 428 டாலரை டாஷ்போர்டுக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தார். மூன்று மாதம், சுமார் 13,000 மைல், அதாவது கிட்டத்தட்ட 21,000 கிலோமீட்டர். நாட்டின் ஓரமாகவே ஒரு பெரிய சுற்று.

தலைப்புக்கு ஒரு காரணம் உண்டு. பழைய அமெரிக்க ரோடு மேப்புகளில் முக்கிய சாலைகள் சிவப்பு, உள்ளூர்ச் சாலைகள் நீலம். 1956-ல் சட்டம் போட்டு, 41,000 மைல் நீளத்துக்கு இன்டர்ஸ்டேட் பெருஞ்சாலைகள் போட ஆரம்பித்தார்கள். மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கைத் தாண்டி, நேர்கோட்டில் போகிற சாலைகள். லாரிகளும் பஸ்களும் அந்தப் பக்கம் போய்விட, நீலக் கோட்டின் மேல் இருந்த சிற்றூர்களில் முதலில் பெட்ரோல் பங்க், அப்புறம் மளிகைக் கடை, அப்புறம் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. வாலிபப் பிள்ளைகள் வேலை தேடிக் கீழே இறங்கினார்கள். பயணிக்குப் பிடித்துப்போகிற 'மலையூர் அமைதி' பல இடங்களில் இப்படி வந்ததுதான். நமக்கு நிம்மதி, அவர்களுக்கு வியாபாரம் படுத்த கதை.

ஹீட்-மூனுக்கு இது தெரிந்திருக்கிறது. டென்னசி மாநிலத்துக் குன்றுகளுக்கு நடுவே ஓர் ஊர். பெயர் நேம்லெஸ். நிஜமாகவே 'பெயரில்லாதது' என்றுதான் பெயர்! ஊருக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒத்துப்போகாமல், கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்களாம். அந்தப் பெயருக்காகவே தேடிப் போகிறார். அங்கே ஒரு வயதான தம்பதி, மூடிப்போன தங்கள் பலசரக்குக் கடையை அவருக்காகத் திறந்து காட்டுகிறார்கள். ஹீட்-மூன் தன் சோகத்தைப் பேசவில்லை. அறிவுரை கேட்கவில்லை. அவர்களைப் பேசவிட்டு, சும்மா நிற்கிறார். புத்தகத்தில் அவர்கள் போட்டோவும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. பெயரில்லாத ஊரில் ஆட்களுக்குப் பெயர் இருக்கிறது; ஸ்டைன்பெக்கின் ஊர்களுக்குப் பெயர் இருக்கிறது, பல ஆட்களுக்கு இல்லை. என் கணக்கில் இரண்டு புத்தகங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நகைச்சுவையும் உண்டு. சின்ன ஊர் சாப்பாட்டுக் கடையின் தரத்தைச் சுவரில் தொங்கும் காலண்டர்களை எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்கிறார். ஒன்றுமே இல்லையென்றால் பெருஞ்சாலைக் கடைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. மூன்று, நாலு என்றால் தைரியமாக உட்காரலாம். ஐந்து இருந்தால் வெளியே சொல்லாதீர்கள், கூட்டம் வந்துவிடும்! காலண்டர் கொடுத்தவர்கள் எல்லாம் உள்ளூர் வியாபாரிகள். அவர்கள் தினமும் அங்கே சாப்பிடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

யூட்டாவில் சீடர் பிரேக்ஸ் என்கிற மலை உச்சி. உயரம் 10,000 அடிக்கு மேல். வசந்த காலம்தானே என்று ஏறிப்போனவர் பனிப்புயலில் மாட்டிக்கொள்கிறார். ராத்திரி முழுக்க வேனுக்குள் சுருண்டு கிடந்து, கரடி வருமோ என்று பயப்படுகிறார். மறுநாள் கீழே சீடர் சிட்டியில், டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் ஹோபி பழங்குடி இளைஞன் ஒருவனைச் சந்திக்கிறார். புத்தகத்தின் மிகச் சிறந்த உரையாடல் அங்கேதான் நடக்கிறது. வந்தவர் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்; அந்தப் பையனோ தன் மக்களின் நம்பிக்கைகளை நிதானமாக விளக்குகிறான். யார் தொலைந்தவர், யார் வழி தெரிந்தவர் என்று கேட்கத் தோன்றுகிறது.

குறையும் சொல்லவேண்டும். பாதிப் புத்தகத்துக்கு மேல் ஞானம் நிறைந்த கிழவர்கள் வரிசையாக வர ஆரம்பிக்கிறார்கள். வினோதமான ஊர்ப் பெயர்களைச் சேகரிப்பதும் சில இடங்களில் சலிப்பு. பெரிய நகரங்களைக் கண்டாலே மனுஷர் ஓடுகிறார். அங்கேயும் மனிதர்கள் பேசுவார்கள் ஐயா! இருந்தாலும், தன் வேனுக்கு 'கோஸ்ட் டான்சிங்' என்று பெயர் வைத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. 1890 வாக்கில், போன எருமைகளும் போன காலமும் ஆடினால் திரும்பி வரும் என்று நம்பிச் சமவெளிப் பழங்குடிகள் ஆடிய நடனம் அது. திரும்பி வரவில்லை. தானும் அப்படியொரு ஆட்டம்தான் ஆடிக்கொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகத்தை வண்டியின் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்.

மூன்றாவது, ஜெசிகா ப்ரூடரின் 'நோமட்லேண்ட்' (2017). முதல் இரண்டிலும் இருக்கும் உல்லாசத்தில் மிச்சம் மீதியை இது துடைத்துவிடுகிறது. இதில் வருகிறவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் வேனுக்குக் குடிபோனவர்கள். பலர் அறுபது வயது தாண்டியவர்கள். 2008 பொருளாதாரச் சரிவில் சேமிப்பும் வீடும் போனவர்கள். ப்ரூடர் மூன்று வருஷம், 15,000 மைலுக்கு மேல் இவர்களோடு அலைந்தார். அவரும் ஒரு வேன் வாங்கினார். அதற்கு ஹேலன் என்று பெயர். ராக் இசை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

புத்தகம் ஒரு மலைப்பாதையில் ஆரம்பிக்கிறது. 64 வயதுப் பெண்மணி, பத்தடி நீள டிரெய்லரை ஜீப்பில் இழுத்துக்கொண்டு கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலையில் ஏறுகிறார். வளைவுகள், பைன் மரங்கள், குளிர்ந்த காற்று என்று எல்லாம் அந்த போட்டோவில் உள்ளபடியே. ஆனால் அவர் போவது வேலைக்கு. காட்டு முகாமில் விடுமுறைக்கு வருகிறவர்களை வரவேற்று இடம் காட்டுவது, அணைந்த நெருப்புக்குழிகளைப் பெருக்குவது, கழிப்பறை கழுவுவது. ஒரே மரத்தடியில் இரண்டு வண்டிகள். ஒன்றில் இருப்பவர் ஒரு வாரம் வீட்டை மறக்க வந்தவர். மற்றதில் இருப்பவருக்கு அதுவேதான் வீடு. அந்தப் பெண்மணியின் கனவு என்ன தெரியுமா? பழைய டயர், பாட்டில்களை வைத்து, எங்கேயும் நகராத வீடு ஒன்றைத் தன் கையால் கட்டுவது!

இதை வைத்து 2020-ல் வந்த படத்துக்கு மறு வருஷம் சிறந்த படம், இயக்குநர், நடிகை என்று மூன்று ஆஸ்கர். க்ளோயி ஷாவ் இயக்கம் அபாரம். நிஜ நாடோடிகளையே நடிக்கவைத்தது துணிச்சல். ஆனால் படம் அந்தி வெளிச்சத்தில் கொஞ்சம் மயங்கிவிடுகிறது. அமேசான் கிடங்கில் தொழிலாளர்களுக்கு வலி மாத்திரை இலவசமாகக் கொடுக்கும் பெட்டியைச் சுவரில் மாட்டியிருந்ததைப் புத்தகம் சொல்கிறது. படத்தில் கிடங்கு ஏதோ பரவாயில்லாத இடம் மாதிரி வந்துபோகிறது. வலி குறைந்தால் அழகு கூடும். ஆனால் இந்தக் கதையில் எதைக் குறைக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது.

'சார், லீவுக்கு மலைக்குப் போறது ஒரு குத்தமா?' என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமாக இல்லை. தாராளமாகப் போங்கள், மெதுவாகப் போங்கள். அவசரமில்லாமல் இருப்பது ஒரு வசதி. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்கள் அந்த நேரத்தை என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் இந்தப் புத்தகங்களை எடைபோடத் தோன்றுகிறது. ஸ்டைன்பெக் அதில் தன் நாட்டைப் பற்றி யோசித்தார். ஹீட்-மூன் அடுத்தவர் பேசக் காத்திருந்தார். ப்ரூடர் நேரமே இல்லாதவர்களோடு கூடவே இருந்தார்.

மூன்றையும் படிக்க நேரமில்லை என்றால், 'ப்ளூ ஹைவேஸ்'ஸில் நேம்லெஸ் ஊர் வருகிற பகுதியையும் 'நோமட்லேண்ட்'டின் முதல் அத்தியாயத்தையும் மட்டுமாவது படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். அடுத்த முறை அந்த கம்பளி சாக்ஸ் போட்டோ வரும்போது, சட்டகத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கண் தானாகத் தேடும்.