பெயர் கெட்ட நாயகனை எப்படி ரசிப்பது?

சூப்பர் ஹீரோ காமிக்ஸைக் கையில் எடுத்ததும் நம் கண் சண்டைப் பக்கங்களைத்தான் தேடும். நாயகனின் பெயர் கெட்டுப்போகிற கதையென்றால் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவனைச் சுற்றி நிற்கிற ஜனங்களின் முகங்களைப் பாருங்கள். யார் விரல் நீட்டுகிறார், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பேப்பரை விரித்துப் படிப்பவர் புருவம் எப்படி நெரிகிறது என்று ஒவ்வொரு கட்டமாக நின்று பார்த்தால்தான் கதை பிடிபடும். சுவரேறுகிறவனைத் துப்பாக்கி எளிதில் சாய்த்துவிடாது. ஆனால் அவன் பெயர் ஊர் வாயில் அல்லவா இருக்கிறது? அடி அங்கேதான் விழும்.

புளியங்குடிக்காரர்களுக்கு இந்த ரசனை புதிதல்ல. அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த பூமி இது. மதுரை வீரன் மேல் பழி போட்டு மாறுகால் மாறுகை வாங்கும்போது, அவன் குற்றமற்றவன் என்று கேட்டுக்கொண்டிருக்கிற நமக்குத் தெரியும். கதைக்குள் இருக்கிற அரண்மனைக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் நமக்கு நெஞ்சு அடைக்கும். காமிக்ஸிலும் அதே இடைவெளிதான், படமாக வரைந்து கிடைக்கிறது.

தொடங்குவதற்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம் தாண்டிப் போனால் சிவகாசி. அங்கிருந்து 1972-ல் வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனில் 1962-ல் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேல்தான் இந்த மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. உளவு வேலைக்கு வருவதற்கு முன், கிடைத்த சக்தியைத் தப்பு வழியில் பயன்படுத்தியவன் அவன். இதை மனதில் வைத்துக்கொண்டு, காற்றில் மிதக்கிற அந்தக் கையை மற்றவர்கள் பார்க்கிற கட்டங்களைத் திரும்பப் பாருங்கள். முகம் கிடையாது, கண் கிடையாது, வருத்தமா கோபமா என்று காட்ட வழியே கிடையாது. உதவ வந்த கையா, திருட வந்த கையா? பார்க்கிறவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சிறுவயதில் இதையெல்லாம் வேடிக்கையாகக் கடந்து போயிருப்போம். இப்போது பார்த்தால் மனசு கனக்கிறது.

1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் மூலம் நமக்குக் கிடைத்த ஸ்பைடர் இன்னொரு ரகம். வில்லனாக அறிமுகமாகி, பிறகு குற்றவாளிகளுக்கு எதிராகத் திரும்பியவர். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இந்தத் தொடரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் சுவை கூடும். களங்கமே இல்லாத நாயகனுக்குப் பிறப்புக் கொடுத்தவர், கெட்ட பெயரோடு திரிகிற ஒருவனையும் ஆசையாக எழுதியிருக்கிறார்.

அமெரிக்க ஸ்பைடர்மேனிடம் வந்தால், அவன் பெயரிலான தொடரின் 1963 மார்ச் தேதியிட்ட முதல் இதழிலேயே பெயரைக் கெடுக்கிற வேலை தொடங்கிவிடுகிறது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் செய்த இதழ். பத்திரிகை அதிபர் ஜேம்சனின் மகன் விண்கலத்தில் சிக்கிக்கொள்கிறான். ஸ்பைடர்மேன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றுகிறான். மறுநாள் அதே ஜேம்சனின் பேப்பர், ஆபத்துக்குக் காரணமே அவன்தான் என்று எழுதுகிறது. இதைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது அதே இதழில் வரும் ஒரு சின்னக் காட்சி. நிகழ்ச்சி நடத்திய கூலிக்கு ‘ஸ்பைடர்மேன்’ பெயரில் செக் தருகிறார்கள். வங்கியில் காசாக்க முடியவில்லை. அந்தப் பெயரில் அடையாளச் சீட்டு ஏது? வீட்டில் வாடகைக்குப் பணமில்லை, மே அத்தை நகையை அடகு வைக்கிறார். பெயர் கெடுவதென்றால் அடுப்படி வரைக்கும் வரும் என்பதை ஒரு செக்கை வைத்தே காட்டிவிட்டார்கள்.

1967-ல் வந்த 50-வது இதழில், மனம் உடைந்த பீட்டர், அதாவது ஸ்பைடர்மேன், தன் உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மழையில் நடந்து போகிற முழுப்பக்கப் படம் இருக்கிறது. வரைந்தவர் ஜான் ரோமிட்டா. அவன் முதுகைத்தான் நாம் பார்க்கிறோம். முகத்தைக் காட்டாமலே அழவைக்கிற வித்தை அது. பிறகு ஒரு முதிய காவலாளி அடிபடுவதைக் கண்டு, செத்துப்போன சித்தப்பாவின் நினைவு வந்து, திரும்பவும் களமிறங்குகிறான். கெட்ட பெயர் அப்படியேதான் இருக்கிறது. ஜேம்சன் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த வகைக் கதையை எடைபோட நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான்: கடைசிப் பக்கத்தில் ஊரே கைதட்டி நாயகனைத் தூக்கிவைத்து ஆடினால், ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் உச்சம் எதுவென்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 1986-ல் ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மாஸுக்கெல்லி வரைந்த ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’. பார்வையற்ற வக்கீல் மேட் மர்டாக்தான் டேர்டெவில் என்ற ரகசியம் கிங்பின் என்ற தாதாவின் கைக்குப் போகிறது. அதை விற்றவள் மேட் ஒருகாலத்தில் நேசித்த பெண். போதை ஊசிக்காக விற்கிறாள். கிங்பின் முதலில் அடியாளை அனுப்பவில்லை. வங்கிக் கணக்கு முடங்குகிறது, வரித்துறை கடிதம் வருகிறது, ஒரு போலீஸ்காரர் பொய்ச்சாட்சி சொல்கிறார், வக்கீல் தொழிலே போகிறது. எல்லாம் காகிதத்தில் நடக்கிறது. சந்தேகப்பட ஒரு முகம்கூட மேட்டுக்குக் கிடைக்கவில்லை.

இதில் முதல் மூன்று அத்தியாயங்களின் தலைப்புப் பக்கப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றிலும் மேட் படுத்திருப்பதை மேலிருந்து பார்க்கிறோம். முதலில் சொந்த வீட்டுக் கட்டில். அடுத்தது மலிவான விடுதி அறை. மூன்றாவதில் சந்துக் குப்பைக்கு நடுவே, கருவிலிருக்கும் பிள்ளைபோலச் சுருண்டு கிடக்கிறான். இடையில் உள்ள கதையைப் படிக்காவிட்டாலும் அந்த மூன்று படங்கள் போதும், ஒரு மனிதன் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டான் என்று தெரிந்துவிடும்.

பென் யூரிக் என்ற நிருபரைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். உண்மை தெரிந்தவர். கிங்பின் தரப்பு விரல்களை ஒடித்ததும் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். தெரிந்தும் பேசாத மனிதரின் உடம்பை மாஸுக்கெல்லி எப்படிக் குறுக்கி வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். யூரிக் வேலை பார்ப்பதும் ஜேம்சனின் பேப்பரில்தான். ஸ்பைடர்மேன் பெயரைக் கெடுத்த அதே ஜேம்சன், இந்தக் கதையில் யூரிக்கை எழுதச் சொல்லித் துணை நிற்கிறார். இரண்டு தொடர்களையும் படித்தவர்களுக்கு அந்தக் கட்டம் தனி ருசி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாயாவியிலிருந்து ஸ்பைடர்மேனுக்கு வந்து, ‘பார்ன் அகெய்ன்’ கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை கதைக்காக ஓட்டமாகப் படித்துவிடுங்கள். இரண்டாம் தடவை பேச்சுக் குமிழ்களை விட்டுவிட்டு, கட்டங்களின் ஓரத்தில் நிற்கிற பெயர் தெரியாத ஆட்களை மட்டும் பார்த்துக்கொண்டே பக்கம் புரட்டுங்கள்.