கட்டியவனும் வாரியவனும்

சென்ற வருஷம் புரட்டாசியில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு என்னை நடுவராக இருக்கச் சொன்னார்கள். பொருள்: வெள்ளம். பொருள் கொடுத்து எழுதச் சொல்லும் கதைகளைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் கேட்டவர் பழைய நண்பர், தட்ட முடியவில்லை. நாற்பத்தொரு கதைகள் வந்து சேர்ந்தன. கோபியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான்கு நாட்களில் படித்து முடித்தேன்.

எழுத்து மோசமில்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, இடி இடித்தது, பத்துப் பதினைந்து கதைகளில் ஒரு தாய் குழந்தையைக் கூரைமேல் ஏற்றினாள். ஏழெட்டில், ஜாதி மதம் பாராமல் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் குற்றவாளி ஒருவன்தான்: மழை. தண்ணீர் ஏன் தெருவுக்கு வந்தது? அதற்கு முன்னால் அது எந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது? அந்த வழி என்ன ஆயிற்று? ஒரே ஒரு கதையைத் தவிர வேறு எதிலும் இந்தக் கேள்வி இல்லை. அந்தக் கதையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐப்பசியில் ஓர் இரவு, பதினொரு மணிக்குப் பிடித்த மழை ஒன்றரை மணி நேரம் பெய்தது. என் பெரியம்மாவின் வீடு, தெருக்கோடியில், பள்ளத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். அன்றிரவு அவளுடைய அரிசி மூட்டை, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த டிரங்குப் பெட்டி, அதிலிருந்த பெரியப்பாவின் படம் எல்லாம் நனைந்து போயின. அவளுக்கு எண்பது வயதாகிறது. மறுநாள் காலையில் துடைப்பமும் கையுமாக நின்றுகொண்டு சொன்னாள்:

"மழை என்ன இன்னைக்கா புதுசாப் பேயுது கண்ணு? எங்க மாமனாரு காலத்துல இதைவிடப் பேஞ்சிருக்குது. தண்ணி வாசலோட போயிரும். இப்ப ஊட்டுக்குள்ள வந்து, நான் எங்க போறதுன்னு என்னையக் கேக்குது. நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

நாற்பத்தொரு கதைகளிலும் இதைப் போல ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. வெயில் ஏறியதும் பாலத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று குழாய்கள் வைத்த சின்னப் பாலம். இரண்டு குழாய்களின் வாய் மண்ணால் மூடி, அதன்மேல் கோரை முளைத்திருந்தது. அந்தக் கோரைக்கு எப்படியும் மூன்று வயதிருக்கும். மூன்றாவது குழாயில் வாழைக்கட்டைகள், ஒரு கிழிந்த மெத்தை, பாலிதீன் பைகள்.

நமக்கு இதில் ஒரு கணக்குத் தவறு இருக்கிறது. வாய்க்கால் பாதி தூர்ந்தால் பாதித் தண்ணீராவது போகும் என்று நினைத்துக்கொள்கிறோம். போகாது. அயர்லாந்துக்காரர் ராபர்ட் மானிங் 1889-இல் வெளியிட்ட சூத்திரத்தை வைத்துத்தான் இன்றைக்கும் எஞ்சினீயர்கள் வாய்க்காலின் நீரோட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். அதன்படி பார்த்தால், அகலமான வாய்க்காலில் ஆழம் பாதியானால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதோடு கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டினால் அந்த மூன்றில் ஒன்றும் சுருங்கி, ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகிவிடும். மீதி ஒன்பது பங்கு எங்கே போகும்? பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

நம்முடைய இலக்கியம் தண்ணீரை மதிக்காத இலக்கியம் என்று யாரும் சொல்ல முடியாது. புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் யோசனையே, நீரைத் தேக்கி வை, உன் பெயர் நிற்கும் என்பதுதான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. கொங்கு நாட்டிலோ கேட்கவே வேண்டாம். 1125-இல் கட்டியதாகச் சொல்லப்படும் கொடிவேரி அணையையும், அதிலிருந்து பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காபி ஆறிப்போவது தெரியாது. அந்த இரண்டு வாய்க்கால்களும் 24,504 ஏக்கருக்குப் பாய்கின்றன. காலிங்கராயன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டிவிட்டு, தன் குலத்தார் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று ஊற்றுக்குளிக்குப் போய்விட்ட கதை குழந்தைகளுக்கும் தெரியும். அவனுக்குச் சிலை உண்டு. தை மாதத்தில் விழா உண்டு. பவானிசாகர் அணை 1948-இல் தொடங்கி ஐம்பதுகளின் நடுவிலே முடிந்தது. அதற்காகப் பாடுபட்ட ஈஸ்வரனை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். எல்லாம் சரி.

ஆனால் கொடிவேரி ஒரு தடவை கட்டப்பட்டது. வாய்க்கால்கள் எண்ணூற்றுச் சொச்சம் தடவை வாரப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணூறு தடவையும் மண்வெட்டி பிடித்தவனுக்கு ஒரு பாட்டு இல்லை, ஒரு கதை இல்லை. கட்டியவன் காவியத்துக்குப் போனான்; வாரியவன் வீட்டுக்குப் போனான்.

கல்வெட்டு எழுதினவர்களுக்கு இந்த விஷயத்தில் புலவர்களைவிடப் புத்தி அதிகம் என்றே சொல்ல வேண்டும். உத்தரமேரூரில் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று ஒன்றைத் தனியாக வைத்துப் பேசுகின்றன. ஏரியில் ஓடம் விட்டு, வண்டலை அள்ளிக் கரையில் போடுவதற்கென்று பொன்னும் நிலமும் எழுதிவைத்த கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்தில் உண்டு. தூர் வாருவது கல்லில் வெட்டிவைக்கத் தகுந்த தர்மம் என்று அவர்கள் நினைத்தார்கள். நாம் திறப்பு விழாவைத்தான் கல்லில் வெட்டுகிறோம்.

உடனே யாராவது குடிமராமத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஊரார் எல்லோரும் ஒன்றுகூடி வாய்க்காலை வாரினார்களாம். ஆங்கிலேயன் வந்தான், எல்லாம் கெட்டது. இது பாதி உண்மை. அந்த வழக்கம் தேய்ந்துபோகிறது என்று கண்டு 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கட்டாய வேலைச் சட்டமே போட்டார்கள். சட்டம் போட்டு ஒரு வழக்கத்தை உயிர்ப்பிக்க முடியாது என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஆனால் "ஊரார் எல்லோரும்" என்கிறார்களே, அங்கேதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. கரைமேல் குடை பிடித்து நின்றவர் யார், உள்ளே இறங்கிச் சேறு சுமந்தவர் யார் என்பது எங்கள் பக்கத்தில் எவருக்கும் தெரியும். வாரியவனுக்குப் பாட்டு இல்லாமற் போனது புலவர்களின் மறதியால் அல்ல. அவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதால்தான். இன்றைக்கும் சாக்கடை அடைத்தால் யாரைக் கூப்பிடுகிறோம்? மனிதக் கழிவை மனிதன் அள்ளக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தபிறகும், கூப்பிடுகிற குரல் மாறினதாகத் தெரியவில்லை. ஒரு வேலையைக் கேவலம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அது ஏன் நடக்கவில்லை என்று வெள்ளத்தன்று கேட்கிறோம்.

2017-இல் குடிமராமத்து என்ற பெயரையே எடுத்து, நூறு கோடி ரூபாயோடு சர்க்கார் மறுபடி ஆரம்பித்தது. சில இடங்களில் நல்ல வேலை நடந்திருக்கிறது. அதை மறுப்பது அநியாயம். ஆனால் வாருவது என்பது ஒரு திட்டம் அல்ல. பல் துலக்குவதை யாராவது திட்டம் என்பார்களா?

கோபிக்குச் சின்னக் கோடம்பாக்கம் என்று ஒரு பெயர் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே படம் பிடிக்காத நாள் குறைவு. வாய்க்கால் கரை, தென்னை வரிசை, நாற்று நட்ட வயல், கொடிவேரியில் கொட்டுகிற தண்ணீர் எல்லாம் தமிழ்நாடு முழுவதும் பார்த்தாயிற்று. அதே ஊருக்குள்ளே கீரிப்பள்ளம் என்று ஓர் ஓடை போகிறது. மழைத்தண்ணீருக்கென்று இயற்கை வகுத்த வழி. நாம் அதைச் சாக்கடைக்குக் கொடுத்திருக்கிறோம். எந்தக் காமிராவும் அந்தப் பக்கம் திரும்பினதாக எனக்கு நினைவில்லை. சினிமாக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் தடப்பள்ளி வாய்க்கால் கரையை வைத்து ஒரு நாவல் எழுதினேன். அதில் நிலா வருகிறது, மீன்கொத்தி வருகிறது, காதலர்கள் இரண்டு முறை வருகிறார்கள். தூர் வாருகிற ஆள் ஒருவன்கூட வரவில்லை. விமரிசகர்கள் மண்வாசனை என்று பாராட்டினார்கள். எந்த மண் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அழகைப் பார்த்துவிட்டு அடைப்பைப் பார்க்காமல் இருப்பது ரசனைக் குறை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2011 நவம்பரில் திருப்பூரில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பொங்கின. ஓடைக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்த ஏழைகள் தூக்கத்திலேயே அடித்துச் செல்லப்பட்டார்கள். பனியன் கம்பெனி வேலைக்கென்று வெளியூரிலிருந்து வந்தவர்கள். அது ஓடை என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஓடை போலவும் அது இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மழையைத்தான் எல்லோரும் திட்டினோம். 2018-இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அதை மனிதன் உண்டாக்கிய விபத்து என்று எழுதிற்று. இந்த ஒரு விஷயத்தில் கணக்குப் பார்க்கிறவர்கள் கதை எழுதுகிறவர்களை முந்திக்கொண்டார்கள்.

இனி அந்த ஒரு கதை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், மழை இரவில் டார்ச் விளக்கோடு பாலத்துக்குப் போய் அடைப்பை எடுக்கிறார். அவ்வளவுதான் கதை. நடை மரக்கட்டை. பாத்திரங்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. மூன்று பக்கத்துக்கு அடைப்பை எப்படி எடுப்பது என்றே எழுதியிருந்தார்: குழாய் வாய்க்கு எதிரே தண்ணீரில் இறங்காதே, அடைப்பு விட்ட கணத்தில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுத்துவிடும், பக்கத்துக் கரையில் நின்று, நீளமான மூங்கிலில் கொக்கி கட்டி இழு. நான் ஓரத்தில் 'கலையம்சம் போதாது' என்று எழுதி, நூற்றுக்கு முப்பத்தெட்டு மார்க் போட்டேன்.

ஐப்பசி மழை இரவில் பெரியம்மாவைக் கட்டிலோடு தூக்கிப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு நாங்கள் பாலத்துக்கு ஓடினோம். பக்கத்து வீட்டுப் பையன், கல்லூரியில் படிக்கிறவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய்க்கு நேரே இறங்கிவிட்டான். இடுப்பளவு தண்ணீர். "மேலே ஏறு தம்பி!" என்று நான் கத்தின கத்தலில் எனக்கே தொண்டை கிழிந்தது. தோளைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டோம். தென்னை ஓலை பறிக்கிற தொரட்டியைக் கொண்டுவந்து மெத்தையை இழுத்தோம். அது விட்டபோது எழுந்த சப்தத்தைக் கேட்டு அந்தப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

மறுநாளே நண்பருக்குக் கடிதம் எழுதினேன், அந்தக் கதைக்கு மார்க்கைத் திருத்த வேண்டும், ஆசிரியருக்கு நானே எழுத வேண்டும், விலாசம் அனுப்புங்கள் என்று. பதில் வந்தது. முடிவுகள் அச்சாகிவிட்டன, தேறாத கதைகளை அவரவர் தபால்தலை ஒட்டி வைத்திருந்த உறையிலேயே போட்டுத் திருப்பி அனுப்பியாயிற்று, விலாசம் அந்த உறையில்தான் இருந்தது.