நூறு விழுக்காட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

பொதுத்தேர்வு முடிவு வந்த நாளில் சிவகாசி அரசுப் பள்ளிகளில் முதலில் எழும் கேள்வி, ‘எத்தனை பர்சென்ட்?’ பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது விருதுநகர் மாவட்டம். அந்தப் பெயரைக் காக்கத்தான் காலையில் தேர்வு, மாலையில் சிறப்பு வகுப்பு, ‘மெல்லக் கற்போர்’ என்று தனிப் பட்டியல், அவர்களுக்குச் சுருக்கிய பாடக் குறிப்பு.

இதைக் குறை சொல்லுமுன் அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டைப் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலை வண்டிக்கு அம்மாவும் அப்பாவும் விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். மழை பெய்தால் மருந்து காயாது. அன்று கூலியும் இருக்காது. 2018இல் பேரியம் பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. டியூஷனுக்குக் காசில்லாத அந்த வீடுகளுக்கு மாலை வகுப்பு ஒன்றே துணை. ஒரு பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் போன் போட்டு விசாரிக்கிறார். தேர்ச்சி பெற்ற பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தவறியவளுக்கு ஆலை வண்டியில் இடம் தயாராக இருக்கும்.

ஆனால் 35 மதிப்பெண்ணே இலக்கானால் பாடம் சுருங்கிவிடுகிறது. தேர்ந்தெடுத்த கேள்விகளை மனப்பாடம் செய்தவர் தேறுவார். மேற்படிப்பில் முதல் பருவத்திலேயே திணறுவார். எண்பது எடுக்கக்கூடியவரோ எப்படியும் தேறிவிடுவார் என்பதால் கவனிப்பாரற்றுப் போகிறார். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை எட்டிப் பிடிக்க வேண்டியவர் அவர்தான். பசி வேறு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடும், சத்துணவு பத்தாம் வகுப்போடும் நின்றுவிடுகின்றன. பிளஸ் டூ பிள்ளை மாலை வகுப்பில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வீட்டுச் சோற்றை நம்பித்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கணக்கில் இருக்கிறது. தேர்வு எழுதியவர்களை வைத்தே விழுக்காடு போடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் நின்றவனும், பதினொன்றில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும் அதில் வருவதில்லை. தேறமாட்டான் என்று தோன்றும் பையனைப் பத்தாவதோடு ஐ.டி.ஐ.க்கு அனுப்பிவிட்டால் பள்ளியின் எண் உயரவே செய்யும். மாநில ரேங்க் அறிவிப்பு 2017இல் நின்றது. பிள்ளைகளைத் தரம் பிரித்தது போய், பள்ளிகளைத் தரம் பிரிப்பது மட்டும் தங்கிவிட்டது.

சிறப்பு வகுப்புகள் தொடரட்டும். ஆய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரிடம் கேட்கும் கேள்வி மாறட்டும்: ஆறாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? மீதிப் பேர் எங்கே?