ஊசி போடுபவருக்கும் தகவலியல் வேண்டும்

இந்தியாவில் பிஎஸ்சி நர்சிங் சேரும் எவரும் இரண்டாம் செமஸ்டரிலேயே சுகாதாரத் தகவலியல், அதாவது நோயாளர் விவரங்களைக் கணினியில் பதிந்து பயன்படுத்தும் துறை, படித்தாக வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டம் 2021இல் அதைக் கட்டாயமாக்கியது: வகுப்பில் 40 மணி நேரம், கணினிக் கூடத்தில் 40 மணி நேரம். இலங்கை மேலிருந்து தொடங்கியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009இல் உயிர்மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் படிப்பை ஆரம்பித்து, பிறகு எம்.டி. வரை வளர்த்தது. ஆழமான படிப்பு, ஆனால் மருத்துவர்களுக்காக அமைந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மூன்றாண்டு தாதியர் பயிற்சி முடித்தவருக்கு அங்கே இடமில்லை.

இது ஏன் உறுத்துகிறது? ஒரு வார்டைப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசியைத் தாதி பகல் 12 மணிக்குப் போடுகிறார். கட்டிலருகே கணினி இல்லை. துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, ட்யூட்டி முடிகிற நேரத்தில், 2 மணிக்கு எல்லா நோயாளருடையதையும் மொத்தமாகப் பதிகிறார். பதிந்த நேரத்தையே போட்ட நேரமாக மென்பொருள் எடுத்துக்கொண்டால், அடுத்த ஊசி மாலை 6 மணிக்குப் பதில் இரவு 8 மணிக்குத் தள்ளிப்போகும். இரண்டு நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும் என்று மென்பொருள் செய்பவரிடம் விளக்கிக் கேட்க ஆள் வேண்டும். மருத்துவரும் கேட்கலாம்தான். ஆனால் கோளாறு முதலில் தெரிவது ஊசி போட்ட கைக்கு.

இந்தியப் பாடத்தில் மின்னணு மருத்துவப் பதிவும் நோயாளர் பாதுகாப்பும் இருக்கின்றன. 80 மணி நேரத்தை வேர்ட், எக்செல் பழக்கத்திலேயே கழித்துவிட்டால் அவை ஏட்டோடு நின்றுவிடும். தமிழ்நாட்டின் கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே கர்ப்பிணிகளின் விவரத்தை அரசின் பிக்மி (PICME) இணையதளத்தில் ஏற்றுகிறார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்தப் பதிவு எண்ணைக் கேட்கிறார்கள். இவ்வளவு பொறுப்பைச் சுமப்பவருக்கு அடிப்படைப் பாடம் மட்டும் போதாது. மேற்படிப்பும், அதற்கேற்ற பதவியும் சம்பளமும் வேண்டும்.

இலங்கைக்கு ஒரு நல்ல வாய்ப்பு கையிலிருக்கிறது. அங்குள்ள பல அரச மருத்துவமனைகளில் ஓடும் எச்.எச்.ஐ.எம்.எஸ். (HHIMS) என்ற மருத்துவமனைத் தகவல் அமைப்பு திறந்த மூல மென்பொருள்; அதை உள்ளூரிலேயே திருத்தலாம். தகவலியல் கற்ற மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களே தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் வந்து கற்பிக்கட்டும். சுகாதார அமைச்சு இந்தப் பாடத்தைத் தாதியர் பயிற்சியில் சேர்க்க வேண்டும். முதுமாணிப் படிப்பில் தாதியப் பட்டதாரிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.