லூமென் சொல்லாத கணக்கு

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் ஊரில் டிசம்பர் பிற்பாதியில் காலை ஒன்பது மணியை ஒட்டித்தான் சூரியன் எழும். மாலை நான்கு மணிக்கு முன்பே இறங்கிவிடும். பகல் என்பது ஏழு மணி நேரம்கூட இல்லை. அந்த ஊரை ஒட்டி நிற்கும் பென் நெவிஸ் 1,345 மீட்டர் உயரம். பிரிட்டனிலேயே உயர்ந்த மலை. அதன் வடமுகத்தில் ஒரு நீண்ட பனித்தடத்தில் ஏறி இறங்க பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிப்பது சாதாரணம். அங்கே குளிர்காலத்தில் மலையேறப் போகிறவர் நாளின் இரு முனையிலும் இருட்டில் நடந்தே தீர வேண்டும். தலையில் கட்டிக்கொள்ளும் டார்ச்சை, ஐஸ் ஆக்ஸ், பூட்ஸில் மாட்டும் கிராம்பான் வரிசையில் வைத்துத்தான் பேச வேண்டும்.

ஆனால் ஐஸ் ஆக்ஸை எடை பார்த்து, பிடித்துப் பார்த்து, வீசிப் பார்த்து வாங்குகிறவர்கள் நெற்றி விளக்கை அப்படி வாங்குவதில்லை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட லூமென் எண்ணைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை மீட்டர் என்றிருக்கும். மூன்று எண்ணும் பெரிதாக இருப்பது எதுவோ அதுவே நல்ல விளக்கு என்று முடிவாகிறது. இந்த வழக்கத்தில் எவ்வளவு நியாயம், எங்கே ஓட்டை என்று பார்க்கலாம்.

நியாயம் நிச்சயம் உண்டு. முன்பு மின்கலத்தை இடுப்பிலோ பையிலோ வைத்து, நெற்றி வரை ஒயர் இழுத்துக்கொண்டு போனார்கள். மின்கலம், பல்பு இரண்டையும் தலையிலேயே தாங்கும் ‘ஸூம்’ என்ற விளக்கை பிரான்சின் பெட்ஸல் நிறுவனம் 1981இல் கொண்டுவந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய ஃபெர்னான் பெட்ஸல் ஒரு குகை ஆய்வாளர்; இருட்டில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டிய அவசியம் அவருக்குத் தெரிந்திருந்தது. 2000இல் அதே நிறுவனத்தின் ‘டிக்கா’ எல்இடியை நெற்றிக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின் விளக்குகள் சுருங்கின, வெளிச்சம் பெருகியது, விளம்பர எண்களும் பெருகின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான முறையில் அளந்து, தனக்குப் பிடித்த எண்ணை அச்சிட்ட காலம் அது. 2009இல் அமெரிக்காவில் எஃப்எல்1 என்ற தரநிலை வந்தபோதுதான் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது. இன்று இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறதென்றால் அந்தத் தரநிலைதான் காரணம். சுத்தப் புளுகு எண்களை அது சந்தையிலிருந்து பெருமளவு விரட்டியது.

ஓட்டை எங்கே என்றால், அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பதை வாங்குகிறவர் படிப்பதில்லை. ‘எரியும் நேரம்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். விளக்கைப் போட்டு 30 விநாடி கழித்து இருக்கும் வெளிச்சத்தைத் தொடக்கமாகக் கொண்டு, அது பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் கடிகாரம் அது. 400 லூமென் என்று அச்சிட்ட விளக்கு 40 லூமெனுக்கு இறங்கும் கணம்வரை ‘எரிந்துகொண்டிருப்பதாகவே’ கணக்கு. முதல் சில நிமிடத்திலேயே சூட்டைக் குறைப்பதற்காக விளக்கு தானே பாதிக்கு இறங்கினாலும் பெட்டி பொய் சொன்னதாகாது. 400 என்ற எண்ணும் உண்மை, பத்து மணி நேரம் என்ற எண்ணும் உண்மை. பத்து மணி நேரமும் 400 கிடைக்கும் என்று நாம் சேர்த்துப் படிப்பதுதான் தவறு. ஷோரூமில் சொல்லும் மைலேஜை நம்பி டாங்க் நிரப்பாமல் கொல்லிமலை ஏறுவதைப் போன்றது இது.

தூரக் கணக்கிலும் இதே சிக்கல். ஒளி விழும் இடத்தில் கால் லக்ஸ் மிஞ்சும் தொலைவை ‘ஒளியெட்டும் தூரம்’ என்கிறார்கள். கால் லக்ஸ் என்பது மேகமில்லாத வானத்தில் முழுநிலவு திறந்த வெளியில் தரும் வெளிச்சம். நூறு மீட்டர் என்று பெட்டி சொன்னால், நூறாவது மீட்டரில் நிலவொளி அளவுக்குத்தான் தெரியும். அந்த நூறை இருநூறாக்க ஒளிக்கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். கற்றையைக் குறுக்காமல் அதைச் செய்தால் மின்கலமும் அதற்கேற்பக் கரையும். இருமடங்கு தூரத்துக்குக் கொடுக்கும் விலை இருமடங்கு இல்லை.

எண்ணைவிடப் பெரிய கேள்வி, வெளிச்சம் எந்த வடிவில் விழுகிறது என்பது. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. அதைக் குறுகிய கற்றையாக எறியலாம், அகன்ற வட்டமாகப் பரப்பலாம், எண் ஒன்றேதான். கற்றை, அடுத்த பாறை இடுக்கையும் கயிறு இறக்கும் இடத்தையும் தேட உதவும். பரந்த ஒளி, காலடியையும் கையில் இருப்பதையும் காட்டும். இரண்டும் தேவைப்படும் மலையில் இரண்டையும் தனித்தனியாகப் போட முடிகிற விளக்கு, ஒரே கற்றையில் இருமடங்கு லூமென் தரும் விளக்கைவிட மேல்.

பென் நெவிஸ் உச்சியில் இருட்டோடு மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்போது இது தெளிவாகும். அங்கிருந்து பாதுகாப்பாக இறங்க ஏறுபவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு: உச்சித் தூணிலிருந்து வரைபடக் கட்டத்தின்படி 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 282 பாகை. ஒரு பக்கம் கார்டிலூ பள்ளம், மறுபக்கம் ஐந்துவிரல் பள்ளம்; கோணம் பிசகினால் இரண்டில் ஒன்று காத்திருக்கிறது. அந்த 150 மீட்டரை நடையை எண்ணித்தான் கடக்க வேண்டும். அப்போது பெரிய கற்றையை எரியவிட்டால் மூடுபனித் துளிகளும் காற்றில் பறக்கும் பனித்தூளும் அதைக் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தேவைப்படுவது திசைகாட்டியின் முள்ளைக் காட்டும் மங்கிய ஒளி. விளக்கைத் தலையிலிருந்து கழற்றி இடுப்பளவில் பிடித்தால் இன்னும் நல்லது. நெற்றியில் இருக்கும் ஒளி பார்வைக் கோட்டோடு ஒட்டியே போவதால் பனியின் மேடுபள்ளம் நிழலில்லாமல் தட்டையாகத் தெரியும். தாழ்ந்த கோணத்தில் விழும் ஒளி நிழலை எழுப்பி விளிம்பைக் காட்டும். ஆயிரம் லூமெனுக்கு மேல் அச்சிட்ட விளக்கில் மிகக் குறைந்த நிலை எவ்வளவு என்று கேட்பவர் அபூர்வம். உச்சியில் அந்தச் சின்ன எண்ணுக்குத்தான் வேலை.

சிவப்பு விளக்குக்கும் இதே தராசு. இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பொளி அவ்வளவாகக் கெடுக்காது. கூடாரத்தில் தூங்கும் நண்பரையும் எழுப்பாது. ஆனால் பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் சம உயரக் கோடுகள் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம். சிவப்பொளியில் அவை காகிதத்தோடு கரைந்துபோகும். செங்குத்துச் சரிவு எங்கே என்று சொல்லும் கோடுகளே மறைந்துவிட்டால் வரைபடம் விரித்துப் பயனில்லை. சிவப்பு கூடாரத்துக்கு, மங்கிய வெள்ளை வரைபடத்துக்கு என்று பிரித்துக்கொள்வதே சரி.

பெட்டி அடியோடு மௌனம் காப்பது குளிரைப் பற்றி. தரநிலையின் சோதனை அறை வெப்பநிலையில் நடக்கிறது. மலை அந்த வெப்பநிலையில் இருப்பதில்லை. சாதாரண அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த காரக் கரைசல். குளிரக் குளிர அதற்குள் வேதிவினை மந்தமாகும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகையில் அதன் கொள்ளளவில் சிறு பகுதிதான் கைக்கு வரும். ரீசார்ஜ் செய்யும் லித்தியம்-அயன் இதைவிடத் தாங்கும் என்றாலும் அதுவும் குளிரில் சுருங்கும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து மின்கலம் நிரந்தரமாகக் கெடும். பவர் பேங்க் இருக்கிறதே என்று பனிக்குள் கூடாரத்தில் ஏற்ற நினைப்பவர்கள் விளக்கு, பவர் பேங்க் இரண்டையும் முதலில் தூக்கப்பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் பென்சில் பேட்டரி குளிருக்குப் பிறந்தது. மைனஸ் நாற்பது வரை வேலை செய்யும் என்றே அதைத் தயாரிக்கிறார்கள். அல்கலைன் டபுள் ஏ 23 கிராமை ஒட்டி இருக்கும்போது இது 15 கிராம்தான். ஆனால் இதற்கும் குறை உண்டு. புதிதாக இருக்கும்போது இதன் மின்னழுத்தம் அல்கலைனைவிடக் கூடுதல் என்பதால் எல்லா விளக்கும் இதை ஏற்பதில்லை. கையேட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். கடைசிவரை ஒரே சீராக ஓடிவிட்டுச் சட்டென்று விழும். எச்சரிக்கை விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் இடையே அவகாசம் குறைவு. விலையும் அதிகம், தூக்கி எறியும் குப்பையும் அதிகம்.

இங்கேதான் மலையேறுபவர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சிக்கு உள்ளேயே பொதிந்த ரீசார்ஜ் மின்கலம்: எடை குறைவு, ஓராண்டுப் பயணச் செலவில் மலிவு, எப்போதும் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். மறுகட்சிக்கு மாற்றிப் போடும் பேட்டரி: எங்கும் கிடைக்கும், நின்ற நிமிடத்தில் புதிதாகும். இரண்டாவது கட்சியின் வாதம் அனுபவசாலிகளின் குரலில் வருவதால் கேட்காமலே தலையசைக்கத் தோன்றும். ஆனால் புயல்காற்றில், விரல் மரத்த நிலையில், மூன்று சின்ன பேட்டரிகளைக் கூட்டல் கழித்தல் பார்த்து மாட்டுவதைக் கற்பனை செய்தாலே அந்த வாதத்தின் பலவீனம் புரியும். ஒரு பேட்டரி கையுறையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தால் மூன்றும் வீண். தவிர, அதை மாற்றும்போது வெளிச்சத்துக்கு எங்கே போவது? ஆக, பேட்டரியா ரீசார்ஜா என்ற சண்டைக்கு விடை, இரண்டாவது விளக்கு. முப்பது நாற்பது கிராமில் கிடைக்கும் சின்ன விளக்கு ஒன்று சட்டைப்பையில் இருந்தால் முதல் விளக்கு எந்தக் கட்சியாக இருந்தாலும் கவலையில்லை. இரண்டுக்கும் நடுவே, ரீசார்ஜ் கட்டையையோ பென்சில் பேட்டரியையோ மாற்றிப் போட்டுக்கொள்ளும் விளக்குகளும் இருக்கின்றன; குளிர்கால மலைக்கு நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

மின்கலத்தை மேல்சட்டைக்குள் வைத்து ஒயரால் இணைக்கும் பழைய ஏற்பாடு கடுங்குளிர்க்காரர்களிடம் இன்றும் பிழைத்திருக்கிறது. உடம்புச் சூடு மின்கலத்தைக் காக்கும். தலையில் எடையும் குறையும். ஆனால் அந்த ஒயர் பைப்பட்டையிலும் சட்டையின் தலைமூடியிலும் மாட்டிக்கொள்ளும். மணிக்கணக்கில் பனிச்சரிவில் நடப்பவருக்கு அது வரம். கயிறும் கொக்கிகளுமாகப் பாறையில் தொங்குபவருக்கு அது தொல்லை.

எதிரே விழும் ஒளியை உணர்ந்து வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடத்தைக் குனிந்து பார்த்தால் மங்கும், நிமிர்ந்தால் பிரகாசிக்கும், மின்சாரமும் மிச்சம். காட்டுப் பாதையில் ஓடுபவருக்கு இது அருமை. பனியிலோ, வெண்மையும் மூடுபனியும் நாம் விடும் மூச்சின் ஆவியும் சேர்ந்து அந்த உணரியை ஏமாற்றும். வெளிச்சம் வேண்டிய நேரத்தில் அது குறைத்துக்கொள்ளும். இதை அணைத்துவிட்டுக் கையால் இயக்கும் வசதி இல்லாத விளக்கு குளிர்கால மலைக்கு உதவாது. பனிச்சரிவு அபாயமுள்ள இடத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. புதையுண்டவரைத் தேடும் டிரான்சீவர் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. மின்னணுச் சாதனங்கள் அதன் காதில் இரைச்சலை ஊதக்கூடும். சாதாரண நேரத்தில் 20 சென்டிமீட்டரும் தேடும்போது 50 சென்டிமீட்டரும் விலக்கி வைக்கச் சொல்லும் விதி நெற்றி விளக்குக்கும் பொருந்தும்.

பொத்தானுக்குப் பெட்டியில் இடமே இல்லை. தடித்த கையுறையோடு ஒரே அழுத்தில் எரிகிறதா? அணைக்க நான்கு நிலைகளைத் தாண்ட வேண்டுமா? பைக்குள் அழுந்தித் தானே எரிந்து தீராமலிருக்கப் பூட்டு உண்டா? பட்டை ஹெல்மெட்டின் கொக்கிகளில் உட்காருமா? இருட்டில் விளக்கைத் தோற்கடிப்பவை பெரும்பாலும் இந்தச் சில்லறை விஷயங்கள்தான். ‘அவசர மினுக்கு’ என்ற நிலை பல விளக்குகளில் இருக்கிறது. ஆனால் ஆல்ப்ஸிலும் பிரிட்டனிலும் மலையில் உதவி கேட்கும் முறை வேறு: நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று. படபடவென்று மினுக்கும் விளக்கு இந்த எண்ணிக்கையைச் சொல்லாது. கையாலேயே போட்டு அணைக்க வசதியான பொத்தான்தான் சொல்லும்.

எல்லா மலைக்கும் ஸ்காட்லாந்துக் கணக்கு ஒத்துவராது. நம்மூர்களிலிருந்து குளிர்காலத்தில் குழுக்களாகப் போகும் உத்தராகண்டின் கேதார்காந்தா சுமார் 3,800 மீட்டர். அங்கே வழிகாட்டி முன்னால் போவார்; திசைகாட்டி பார்க்கும் வேலை குறைவு. விடியலுக்கு முன் முகாமிலிருந்து கிளம்பிச் சூரியன் வரும்வரை சில மணி நேரம் காலடி தெரிந்தால் போதும். தூரக் கற்றைக்கு அங்கே வேலை கொஞ்சம். குளிர் மிகுதி, முகாமில் சார்ஜ் போட வழியில்லாத இரவுகள் உண்டு. இருநூறு லூமென் விளக்கும், லித்தியம் பேட்டரியும், இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அங்கே ஆயிரம் லூமெனை வெல்லும்.

லூமென் எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தரமற்றதைக் கழிக்க அது நல்ல சல்லடை. தேர்வை முடித்துவைக்கும் தகுதி அதற்கு இல்லை. பெட்டி சொல்வது 30ஆவது விநாடியின் பெருமையை. மலை கேட்பது பத்தாவது மணி நேரத்தின் நிலையை. இந்த இடைவெளியை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் பதினெட்டை ஒட்டி இருக்கும். முழுதாக நிரப்பிய விளக்கை இரவு முழுக்க அதில் வைத்துவிட்டு, காலையில் உள்ளேயே எரியவிட்டு, மணிக்கொருமுறை திறந்து பாருங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, மலைக்கு எடுத்துப் போகும் கையுறையைப் போட்டுக்கொண்டு, அதை அணைத்து, எரித்து, பேட்டரியை மாற்றுங்கள். இதில் தோற்கும் விளக்கைத் திருப்பிக் கொடுக்க இன்னும் கடை திறந்திருக்கும்.