மீட்பின் நினைவு: ஆறுதலா, வழக்கா?

‘அன்று கடலைப் பிளந்தவர் இன்றும் கைவிடமாட்டார்’ என்பது கிறிஸ்தவ மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய ஆறுதல். இதற்கு 77ஆம் சங்கீதத்தைத் துணைக்கு அழைப்பார்கள். கடவுள் இரங்க மறந்துவிட்டாரோ என்று இரவெல்லாம் தூங்காமல் தவிப்பவன் பழைய விடுதலையை நினைத்துப் பார்க்கிறான். சரி, அப்புறம் அவன் கஷ்டம் என்னாச்சு? பிரதியில் பதில் இல்லை. மோசேயும் ஆரோனும் ஜனங்களை நடத்திப்போனதோடு பாட்டு நின்றுவிடுகிறது. அந்த மௌனத்தைப் பிரசங்கங்கள் அவசர அவசரமாக இட்டு நிரப்பிவிடுகின்றன.

44ஆம் சங்கீதத்தின் கதை வேறு. அதுவும் முன்னோர் சொன்ன கதைகளில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே நினைவு குற்றச்சாட்டாக மாறுகிறது. நாங்கள் உடன்படிக்கையை மீறவில்லையே, எங்களை ஏன் விற்றுப்போட்டீர் என்று கேட்டு, தூங்குகிற கடவுளை எழுப்புகிறது. பழைய மீட்பு இங்கே தூக்கமாத்திரை அல்ல, வழக்கில் வைக்கப்படும் சாட்சியம்.

தலித் இறையியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான அர்விந்த் நிர்மல், உபாகமம் 26இல் வரும் அடிமைகளின் விசுவாச அறிக்கையைத் தலித் அனுபவத்தின் வழியே வாசித்தார். அவர் தேடியது ஆறுதலை அல்ல, இழந்துபோன அடையாளத்தை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்தது. கிறிஸ்தவத் தலித்துகள் இன்னும் வெளியேதான். சபைக்குள் சாதியும் போகவில்லை. இவர்களிடம் போய் ‘பழசை நினைச்சுப் பொறுத்துக்கோ’ என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர், யாத்திராகமக் கதையைக் கானானியர் பக்கமிருந்து வாசிக்கச் சொல்லி 1989இல் எழுதினார். ஒருவரின் மீட்பு இன்னொருவரின் நிலப்பறிப்பு. 44ஆம் சங்கீதம் நன்றியோடு நினைப்பதே, பிற இனங்கள் துரத்தப்பட்டதைத்தான். கலகக் குரலுக்குள்ளும் வெற்றியாளனின் குரல் ஒளிந்திருக்கிறது.

அதற்காக நினைவையே தூக்கி எறியணுமா? கூடாது என்றே நினைக்கிறேன். அடிமையாக இருந்தோம் என்று அறிக்கையிட வைக்கும் அதே உபாகமம் 26, விளைச்சலில் அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் பங்கு கொடுக்கச் சொல்கிறது. பறித்த நிலத்தின் விளைச்சல்தான் அது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் நினைவைச் சோதிக்க ஓர் அளவுகோல் அங்கேயே கிடைக்கிறது: மீட்கப்பட்டேன் என்பவன் இன்று யாருக்குப் பங்கு தருகிறான்? யாரை வெளியே நிறுத்துகிறான்? கடவுளிடம் வழக்காடும் சபை, இந்தக் கேள்விக்கும் கூண்டில் ஏறியாக வேண்டும். நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது அங்கிருந்துதான் தொடங்க முடியும்.