நன்னூல் காட்டும் ஆசிரியரும் பன்மொழி வகுப்பறையும்

முன்னுரை

தமிழில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இலக்கணம் வகுத்த நூல்களுள் இன்றளவும் பரவலாகப் பயிலப்படுவது பவணந்தி முனிவரின் நன்னூல் ஆகும். 55 நூற்பாக்களைக் கொண்ட அதன் பாயிரப் பகுதி, கற்பிப்போன் தகுதி, கற்போன் தகுதி, கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவற்றை முறைப்பட விளக்குகின்றது. ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களிலும் கருத்தரங்குகளிலும் இப்பகுதி பெரும்பாலும் புகழ்ச்சிக்குரிய பழம்பொருளாகவே எடுத்துக்காட்டப்படுகின்றது. அதனை இன்றைய வகுப்பறையின் முன் நிறுத்தி வினா எழுப்பும் முயற்சி குறைவு. பல மொழி, பல சமயம், பல சாதிப் பின்புலம் கொண்ட மாணவர் ஒருங்கிருக்கும் வகுப்பறைக்கு நன்னூல் ஆசிரியர் எவ்வளவு பொருந்துவார், எங்கே பொருந்தார் என்பதைத் திறனாய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் இன்றைய தேவை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டோர் பேசும் மொழிகளாக 121 மொழிகளை வகைப்படுத்தியது. அவற்றுள் 22 மட்டுமே அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றவை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்னும் 350அ உறுப்பு 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்றது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, வகுப்பறையின் பன்மொழித் தன்மையைச் சிக்கலாகக் கருதாமல் வளமாகக் கருதவேண்டும் என வலியுறுத்தியது. இவை யாவும் இறுதியில் ஆசிரியர் என்னும் ஒருவரின் கையில்தான் செயல்வடிவம் பெறுகின்றன. பெங்களூரு, மும்பை, தில்லி போன்ற நகரங்களில் தமிழ் பயிலும் குழந்தைக்கு வீட்டில் ஒரு தமிழ், தெருவில் ஒரு மொழி, பாடநூலில் மற்றொரு தமிழ் என மூன்று உலகங்கள் உள்ளன. அக்குழந்தையின் முன் நிற்கும் ஆசிரியர் யார் என்பது வெறும் இலக்கண வினா அன்று.

எல்லையில் பிறந்த நூல்

நன்னூலே பண்பாட்டு எல்லைகளின் சந்திப்பில் தோன்றிய நூல் என்பது நோக்கத்தக்கது. நூலாசிரியர் சமணர். நூலைச் செய்வித்தவன் எனச் சிறப்புப்பாயிரம் கூறும் சீயகங்கன், கோலார்ப் பகுதியோடு தொடர்புடைய கங்கர் மரபினனாகக் கொள்ளப்படுகின்றான். இந்நூலுக்கு முதலில் உரை கண்ட மயிலைநாதர் சமணர். பின்னர் விருத்தியுரை கண்ட சங்கரநமச்சிவாயரும், அதனைத் திருத்தி விரித்த சிவஞான முனிவரும் சைவர். எழுத்ததிகாரத் தொடக்கத்தில் அசோக நிழலில் அமர்ந்தவனைப் போற்றும் நூல், சைவ மடங்களில் நூற்றாண்டுகளாகப் பாடமாக இருந்தது. சமய வேறுபாடு நூலின் பயன்பாட்டிற்குத் தடையாகவில்லை.

இதற்குக் காரணமாகும் ஒரு கூறு நூலின் உள்ளேயே உள்ளது. பாடம் சொல்லும் முறையை உரைக்கும் நூற்பா (நூ. 36), ஆசிரியர் தம் தெய்வத்தை வாழ்த்திப் பாடம் தொடங்க வேண்டும் என்கின்றது. எத்தெய்வம் என்று அது வரையறுக்கவில்லை. பொதுப்பாயிர நூற்பாக்கள் பலவும் பவணந்திக்கு முற்பட்ட மரபினவாகலாம் என்ற கருத்தும் உண்டு. அவ்வாறாயினும் இவ்விடத்தைத் திறந்தே வைத்து நூல் வழங்கிவந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆசிரியர் தம் அடையாளத்தைத் துறக்க வேண்டுவதில்லை. அதே வேளையில் அதனை மாணவர் மீது ஏற்றுவதற்கும் நூற்பா இடம் தரவில்லை. வாழ்த்து ஆசிரியருடையது, பாடம் மாணவருடையது.

குலன் என்னும் முதற்சொல்

எனினும் நல்லாசிரியர் தகுதிகளை அடுக்கும் நூற்பா (நூ. 26) குலன் என்னும் சொல்லுடன் தொடங்குகின்றது. அருள், கல்வித் தெளிவு, சொல்வன்மை, உலகியல் அறிவு ஆகியன அதன் பின்னரே வருகின்றன. பிறப்பை முதல் தகுதியாக வைக்கும் இவ்வரிசையை, அக்காலச் சமூகத்தின் வெளிப்பாடு எனக் கூறிக் கடந்துவிடுதல் போதாது. தமிழ் மரபிற்குள்ளேயே இதற்கு மாற்றுக் குரல்கள் முன்பே ஒலித்துள்ளன. புறநானூற்றின் 183ஆம் பாடல், கீழ்ப்பாலில் பிறந்தவன் கற்றவனாயின் மேற்பாலோனும் அவனிடம் சென்று பணிவான் என்ற கருத்தை முன்வைக்கின்றது. கல்லாதவனின் உயர்பிறப்புக் கற்றவனின் பெருமைக்கு ஈடாகாது என்பது வள்ளுவம். எனவே குலன் என்பதைத் தமிழ் மரபின் ஒருமித்த முடிவாகக் கொள்ள இயலாது.

பாடம் கேட்டற்கு உரியோரை வரையறுக்கும் நூற்பாவிலும் இதே சிக்கல் தொடர்கின்றது. தன் மகன், ஆசான் மகன், மன்னன் மகன், பொருள் மிகக் கொடுப்போன், வழிபடுவோன் ஆகியோர்க்குப் பின், சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோன் இறுதியில் இடம்பெறுகின்றான். உறவும் அதிகாரமும் செல்வமும் ஆற்றலுக்கு முன்னே நிற்கின்றன. எல்லாக் குழந்தைக்கும் கல்வி உரிமை என்னும் இன்றைய நெறி, இப்பட்டியலை நீட்டுவதாக அமையவில்லை. பட்டியல் என்னும் வாயிலையே அகற்றுகின்றது. இவ்வேறுபாட்டை மறைத்து நன்னூலை இன்றைய கல்வியியலின் முன்னோடி என வாளா புகழ்வது ஆய்வு நெறிக்கு உகந்ததன்று.

இல்லிக்குடமும் கிளியும்

மாணவரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என உவமித்துத் தலை, இடை, கடை எனப் பகுக்கும் நூற்பா பெரிதும் போற்றப்படுவது. பகுப்பு நயமானது. ஆனால் பன்மொழி வகுப்பறையில் அது கடுமையான தீர்ப்பாக மாறக்கூடும். பாடநூல் மொழி தன் வீட்டு மொழியன்று என்பதால் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மட்டுமே முடிந்த குழந்தை, கிளியாக இடைநிலையில் வைக்கப்படும். கேட்டது மனத்தில் நில்லாத குழந்தை, இல்லிக்குடமாகக் கடைநிலைக்குத் தள்ளப்படும். குடத்தில் துளை இல்லை. ஊற்றிய மொழியே அக்குடத்திற்குரியதன்று என்பதைப் பகுப்பு காட்டுவதில்லை. பழங்குடிக் குழந்தைகளும் இடம்பெயர்ந்த தொழிலாளர் குழந்தைகளும் மந்தர் என முத்திரை குத்தப்படுவதன் பின்னணியில் இத்தகைய பார்வையே செயற்படுகின்றது. வகைப்படுத்தும் ஆசிரியர், குறையை மாணவரின் இயல்பில் காண்கின்றார், கற்பித்தலில் காண்பதில்லை.

கொள்வகை அறிதல்

இவ்விடத்தில் நன்னூலுக்குள் இரு குரல்கள் முரண்படுவது தெளிவாகின்றது. மாணவரை வகைப்படுத்தும் குரல் ஒன்று. கற்பித்தலை விளக்கும் குரல் மற்றொன்று. பின்னதன்படி ஆசிரியர் விரையாமல், வெகுளாமல், முகமலர்ந்து, கற்பவன் எவ்வாறு கொள்வானோ அவ்வகையை அறிந்து, அவன் உளம் ஏற்குமாறு, கோட்டமற்ற மனத்துடன் நூலைக் கொடுக்க வேண்டும். இங்கே அறியவேண்டுவது மாணவரின் தரம் அன்று. அவர் கொள்ளும் வகை. இல்லிக்குடம் எனத் தீர்ப்பளித்தவருக்கு மேற்கொண்டு செய்வதற்கு ஏதுமில்லை. கொள்வகையை அறிய முனைபவருக்கோ கேட்கவேண்டிய வினாக்கள் பல உள: இக்குழந்தை வீட்டில் எம்மொழியில் எண்ணுகின்றது? பாடநூலின் எச்சொல் அதற்குப் புதிது? எக்கதை அதற்கு முன்பே தெரியும்?

ஆசிரியராகாதார்க்குக் கூறப்படும் உவமைகளும் இவ்வகையில் மறுவாசிப்பிற்கு உரியன. தமக்குத் தொண்டு செய்தோரை விடுத்து அல்லார்க்குப் பயன்படுபவரை நன்னூல் முடத்தெங்கு என்கின்றது. நீரூற்றியவன் தோட்டத்தில் நின்று அயலான் தோட்டத்தில் காய் உதிர்க்கும் தென்னை அது. நூல் கருதிய பொருள் குரு வழிபாட்டைச் சார்ந்தது. ஆயினும் பொதுமக்களின் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் ஆசிரியர், தம் மொழியினர், தம் சாதியினர், தம் சமயத்தினர் பக்கம் மட்டும் சாய்வாராயின், அவ்வுவமை இன்று அவருக்கே பொருந்தும். நல்லாசிரியருக்குக் கூறிய நிறைகோல் உவமை இதற்கு எதிர்நிலை. ஐயம் தீர உணர்த்தலையும் நடுவுநிலையையும் ஒரே பண்பின் இரு கூறுகளாக நூல் இணைப்பது சிறப்பாகக் கருதத்தக்கது. சாய்ந்த கோலால் பொருளைச் சரியாகக் காட்ட இயலாது. அவ்வாறே சாய்வுடைய ஆசிரியரால் பாடத்தையும் தெளிவாகக் காட்ட இயலாது.

காற்கூறும் அரைக்கூறும்

ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவர் புலமையில் காற்கூறே பெறுவார், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு பெறுவார், பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு நிறையும் என்பது நன்னூற் கருத்து. ஆசிரியரின் பங்கை இவ்வளவு அடக்கமாக அளந்துரைக்கும் இப்பகுதி, குலனில் தொடங்கிய பீடத்தைத் தானே தாழ்த்துகின்றது. பன்மைப் பண்பாட்டு வகுப்பறைக்கு இதன் பயன் பெரிது. கன்னடம் பேசும் தோழனுக்குத் தமிழ்ச் சொல்லை விளக்கும் மாணவர், அச்சொல்லைத் தாமே மீண்டும் கற்கின்றார். மராத்தி வீட்டுக் குழந்தை சொல்லும் பழமொழி, தமிழ்ப் பழமொழியின் அருகில் அமரும்போது இரண்டும் விளக்கம் பெறுகின்றன. வகுப்பில் வேறுபாடு மிகுந்தால் உடன் பயில்வோர் வழிவரும் காற்கூறும் வளம் பெறும். அதற்கு இடம் அளிப்பதே ஆசிரியர் பணி.

முடிவுரை

நன்னூலின் ஆசிரியர் இலக்கணத்தை முழுமையாக ஏற்றலும் முழுமையாகத் தள்ளலும் ஒருங்கே பொருந்தா. ஆசிரியர் யார் என்பதற்கு அது தரும் விடையில் பிறப்பும் அதிகாரமும் கலந்துள்ளன. அவ்விடை இன்று ஏற்கத்தக்கதன்று. ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அது தரும் விடை, கொள்வகை அறிதல், நடுவுநிலை, உடன் பயில்வோர்க்கு இடமளித்தல் என அமைந்து இன்றும் வலிமையுடன் நிற்கின்றது. முதல் விடையைக் கொண்டு இரண்டாவதைப் படித்தது மரபு. இரண்டாம் விடையைக் கொண்டு முதலாவதைத் திருத்திப் படிப்பது இன்றைய தமிழாசிரியர் முன்னுள்ள கடமையாகும். வகுப்பில் கடைசி வரிசைக் குழந்தையை இல்லிக்குடம் என்று எழுதிவைப்பதும், அதன் கொள்வகையைத் தேடிச் செல்வதும் நன்னூல் வழியிலேயே இயலும். எதனைத் தெரிவு செய்கின்றார் என்பதே அவ்வாசிரியரின் அடையாளத்தைத் தீர்மானிக்கின்றது.